ஒப்புக்கொள்ளப்படாத படைகள்: வல்லரசுப் போட்டியும் சிறப்பு நடவடிக்கைப் படைகளும்

ஒரு நாட்டின் படைபலத்தை மதிப்பிடுவோர் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பவை தரைப்படைப் பிரிவுகள், போர்விமானங்கள், விமானந்தாங்கிக் கப்பல்கள், அணு ஆயுதங்கள் ஆகியவையே. சிறப்பு நடவடிக்கைப் படைகள் இக்கணக்கின் ஓரத்தில்தான் இடம்பெறும். சிறு குழுக்களாக எதிரியின் நிலத்துக்குள்ளோ உரிமை தெளிவாக இல்லாத எல்லைப் பகுதிகளுக்குள்ளோ சென்று, வழக்கமான படைகளால் செய்ய இயலாத அல்லது அவை செய்தால் பெரும் போர் மூண்டுவிடக்கூடிய பணிகளைச் செய்வதற்கெனத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்கப்பட்ட படைகளையே இப்பெயர் குறிக்கிறது. இவ்வகையில் உலகின் மிகப் பெரிய அமைப்பான அமெரிக்கச் சிறப்பு நடவடிக்கைக் கட்டளையகத்தில், சீருடை அணியாத பணியாளரையும் சேர்த்தால்கூட, ஏறத்தாழ 70,000 பேரே உள்ளனர். அந்நாட்டின் முழுநேரப் படையினரோ சுமார் 13 இலட்சம் பேர். ஆயினும் கடந்த முக்கால் நூற்றாண்டில் வல்லரசுகள் ஒன்றையொன்று நெருங்கி உரசிக்கொண்ட இடங்களில் எல்லாம், பெரும் படைகள் வருவதற்கு முன்போ அவை வராமலேயோ, இச்சிறு படைகளின் காலடி பதிந்திருக்கிறது. இது ஏன் என்பதையும், அதன் விலையை யார் கொடுத்தனர் என்பதையும் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

சிறிய படை பெரிய படையை வெல்வது எங்ஙனம் என்ற வினாவுக்கு அமெரிக்கக் கடற்படை அதிகாரி வில்லியம் மெக்ரேவன் 1990-களில் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். 2011-இல் ஒசாமா பின் லாடனைக் கொன்ற நடவடிக்கையைப் பின்னாளில் நெறிப்படுத்தியவரும் அவரே. அரண் அமைத்துக் காத்திருக்கும், பலமடங்கு பெரிய எதிரியின்மீது, ஒரு குறிப்பிட்ட இடத்தில் சில நிமிடங்களுக்கு மட்டும் ஒரு சிறு குழு பெறும் மேலோங்கிய நிலையை அவர் ‘சார்பு மேன்மை’ என்ற கருத்தால் விளக்கினார். 1940 மே 10 அன்று, எண்பதுக்கு மேற்படாத ஜெர்மானிய வீரர்கள் எஞ்சினில்லா கிளைடர் விமானங்களில் ஓசையின்றி வந்து, பெல்ஜியத்தின் எபென் எமேல் கோட்டைக் கூரையின்மீதே இறங்கி, உள்ளே பல நூறு காவலர் இருந்தும் அதன் பீரங்கிகளைச் சிறிது நேரத்தில் முடக்கியது இதற்கு அவர் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சிகளுள் ஒன்று. கோட்பாடு சரியானதே, ஆனால் அது ஓர் இரவைப் பற்றியது. விடிந்த பிறகு நிகழ்வதைச் சொல்வது அதன் வேலையன்று. வல்லரசுகளின் போட்டியோ பெரிதும் விடிந்த பிறகு நிகழ்வது.

அப்போட்டியில் இப்படைகளின் மதிப்பு எதனால் உண்டாகிறது என்பதை விளங்கிக்கொள்ள, போர்க்களத்தைக் காட்டிலும் ஓர் அலுவலகக் கோப்பு அதிகம் உதவும். 1948 ஜூன் 18 அன்று அமெரிக்கத் தேசியப் பாதுகாப்புக் குழு 10/2 என்ற எண்ணிட்ட ஆணையைப் பிறப்பித்தது. மறைமுக நடவடிக்கை என்பது அமெரிக்க அரசின் பொறுப்பு வெளியே தெரியாதபடியும், தெரிந்துவிட்டால் அரசு நம்பத்தக்க வகையில் மறுக்கக்கூடியபடியும் திட்டமிடப்பட வேண்டும் என்று அது வரையறுத்தது. மறுக்கத்தக்க தன்மை என்று ஆட்சியியலார் இன்று வழங்கும் கருத்தின் பிறப்புச் சான்று இதுவே எனலாம். அடுத்த ஆண்டே சோவியத் ஒன்றியமும் அணுகுண்டைச் சோதித்தது. நேருக்கு நேர் மோதினால் இரு தரப்பும் அழியும் என்ற நிலையில், மோதலைக் கைவிடவும் மனமில்லாத அரசுகளுக்கு, ‘எங்கள் படையன்று’ என்று சொல்லத்தக்க ஒரு படை தேவைப்பட்டது. மறுக்க முடிந்தால் துணிந்து தொடங்கலாம். அதே மறுப்பைக் காட்டி ஒரு நாள் சந்தடியின்றி விலகிவிடவும் செய்யலாம். இவ்விரண்டாம் வசதியைப் பற்றி இராணுவ நூல்கள் அதிகம் பேசுவதில்லை. இவ்வுரை அதையே முதன்மையாகக் கருதுகிறது.

சிறப்பு நடவடிக்கைகளை இரு வகையாகப் பிரிப்பது வழக்கம். ஓர் இலக்கைத் தாமே சென்று தாக்கித் திரும்புவது நேரடி நடவடிக்கை. எதிரியின் ஆட்சியை விரும்பாத மக்களை ஆயுதம் ஏந்தச் செய்து, அவர்களோடு இருந்து போரிடுவது மரபுசாராப் போர்முறை. 1952-இல் கர்னல் ஆரன் பேங்க் என்பவரின் தலைமையில் ஃபோர்ட் பிராக் தளத்தில் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் 10-ஆம் சிறப்புப் படைக்குழு இரண்டாம் வகைக்கென்றே உருவானது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்தவர்கள் பலர் அதில் சேர்க்கப்பட்டனர். அடுத்த ஆண்டே அக்குழுவின் ஒரு பகுதி மேற்கு ஜெர்மனியின் பாட் டெல்ஸ் நகருக்குச் சென்று, சோவியத் படை மேற்கே பாய்ந்தால் அதன் முதுகுப்புறத்தில் இயங்குவதற்குக் காத்திருந்தது. அப்போர் வரவேயில்லை. 1956-இல் ஹங்கேரி எழுந்தபோதும் அக்குழு எல்லை தாண்டவில்லை. ஐரோப்பாவில் இரு வல்லரசுகளும் மிக நெருக்கமாக நின்றதால்தான் அங்கே இப்படைகள் அசையாமல் இருந்தன. அவற்றின் உண்மையான களம் ஆசியாவாயிற்று.

அங்கே முதலில் தெரியவந்தது, சிறு நடவடிக்கை சிறிதாகவே நிற்கும் என்ற நம்பிக்கையின் பலவீனம். 1964 ஜூலை 30-31 இரவில், அமெரிக்கர் வகுத்துக் கொடுத்த திட்டத்தின்படி, தென் வியட்நாம் மாலுமிகள் அமெரிக்கர் வாங்கிக் கொடுத்த விரைவுப் படகுகளில் சென்று வட வியட்நாமின் ஹோன் மே, ஹோன் ங்கு தீவுகளைச் சுட்டனர். அந்நேரத்தில் மின்னணு ஒட்டுக்கேட்புக்கென மேடாக்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் தொங்கின் வளைகுடாவில் இருந்தது. இரண்டையும் ஒரே செயலின் இரு பகுதிகளாகக் கண்ட வட வியட்நாம், ஆகஸ்ட் 2 அன்று அக்கப்பலைத் தாக்கியது. ஆகஸ்ட் 4-இல் மீண்டும் தாக்குதல் நடந்ததாக வந்த செய்தி பொய் என்பது பிற்கால ஆய்வில் உறுதிப்பட்டது. தங்கள் தீவுகள் தாக்கப்பட்டதற்கு வட வியட்நாமியர் தற்காப்பாகப் பதிலளிக்கின்றனர் என்று சி.ஐ.ஏ. இயக்குநர் ஜான் மெக்கோனே குடியரசுத் தலைவரிடம் அன்று சொன்னார். எனினும் ஆகஸ்ட் 7-இல் செனட்டில் இருவர் மட்டுமே எதிர்க்க, முழு அளவிலான போருக்கு வழிவிடும் தீர்மானம் நிறைவேறியது. வாக்களித்தவர்களிலும் பலருக்குத் தீவுத் தாக்குதலின் விவரம் தெரியாது. மறுக்கத்தக்க நடவடிக்கையில் எதிரி ஏமாறுவதில்லை, ஏனெனில் அடி வாங்கியவன் அவன். ஏமாறுவது பெரும்பாலும் சொந்த நாட்டு நாடாளுமன்றமே.

சோவியத் தரப்பில் இதற்கு இணையான பாடம் 1979 டிசம்பர் 27 அன்று காபூலில் கிடைத்தது. கே.ஜி.பி.யின் ஆல்ஃபா, ஸெனித் குழுக்களும், மத்திய ஆசிய வீரர்களைக் கொண்டு அமைக்கப்பட்டு ஆப்கன் சீருடை அணிந்திருந்த பட்டாலியன் ஒன்றும் தாஜ்பேக் மாளிகையைத் தாக்கி, ஆட்சித் தலைவர் ஹஃபிசுல்லா அமீனைக் கொன்றன. முக்கால் மணி நேரத்தில் முடிந்த இந்நடவடிக்கை இராணுவக் கல்லூரிகளில் இன்றும் வெற்றிக்கு உதாரணமாகக் காட்டப்படுகிறது. ஆனால் அன்று பகலில் நடந்ததையும் அதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கே.ஜி.பி.யின் ஏற்பாட்டில் அமீனின் உணவில் நஞ்சு கலக்கப்பட்டிருந்தது. அதை அறியாத சோவியத் மருத்துவர்கள் அழைக்கப்பட்டு ஓடிச் சென்று அவரைப் பிழைக்க வைத்தனர். இரவில் மாளிகை தாக்கப்பட்டபோது அவர்களுள் ஒருவர் தம் நாட்டுப் படையின் குண்டுக்கே பலியானார். ஓர் அரசின் ஒரு கை செய்வதை மறு கை அறியாதிருப்பது இரகசிய நடவடிக்கையின் பிழையன்று, இயல்பு. மாளிகையைப் பிடித்த படை நாட்டைப் பிடிக்கும் படையன்று என்பதை உணர மாஸ்கோவுக்கு 1989 பிப்ரவரி 15 வரையில், ஒன்பது ஆண்டுகளும் ஏறத்தாழ 15,000 சோவியத் உயிர்களும் தேவைப்பட்டன.

மேற்கண்ட இரண்டிலும் பெரிய அரசுகள் தாமே தொடங்கித் தாமே சிக்கிக்கொண்டன. பிறரைக் கொண்டு நடத்தப்பட்ட நடவடிக்கைக்கு, இமயத்தின் இருபுறமும் நடந்த திபெத்தியப் போரைவிட முழுமையான சான்று வேறில்லை. இந்திய வாசகர் அதிகம் அறிந்திருக்க வேண்டிய, ஆனால் அறியாத வரலாறும் அதுவே. 1950 அக்டோபரில் சீனப் படை சாம்டோவுக்குள் நுழைந்தது. 1956-இல் கிழக்கே காம் நிலத்தில் கலகம் மூண்டு, லித்தாங் மடாலயத்தின்மீது விமானங்களிலிருந்து குண்டு வீசப்பட்டது. தலாய் லாமாவின் தமையனார் கியாலோ தொண்டுப்பும் சி.ஐ.ஏ.யும் செய்த ஏற்பாட்டில், 1957-இல் காம் நிலத்தவரான ஆறு காம்பா இளைஞர்கள் இரவோடிரவாகக் கிழக்குப் பாகிஸ்தான் எல்லைக்குள் கொண்டு செல்லப்பட்டு, டாக்கா அருகே உள்ள குர்மிட்டோலா விமானத்தளத்திலிருந்து பசிபிக் தீவான சைபனுக்குப் பறந்தனர். கடலையே கண்டிராத அவர்களுக்கு வரைபடம் படித்தல், வெடிமருந்து, வான்குடையில் குதித்தல், வானொலி ஆகியவை கற்பிக்கப்பட்டன. திபெத்திய மொழியைத் தந்திக் குறியீட்டில் அமைப்பது எளிதாக இல்லை. அதற்கு நியூ ஜெர்சியில் வாழ்ந்த கல்மிக் மங்கோலியத் துறவி கெஷே வாங்யல் உதவினார். அவ்வாண்டு இறுதிக்குள் அவர்கள் இரு பிரிவுகளாக நிலவொளியில் திபெத்துக்குள் இறக்கப்பட்டனர். ஒவ்வொருவரிடமும் பிடிபட்டால் கடித்து விழுங்க நச்சுக் குப்பியும் இருந்தது.

1958 ஜூன் 16 அன்று தென் திபெத்தின் லோகா பகுதியில், வணிகரான அந்துருக் கோன்போ தாஷியின் தலைமையில், நான்கு ஆறுகள், ஆறு மலைத்தொடர்கள் என்று பொருள்படும் சூஷி கங்துருக் என்ற பெயரில் கலகக் குழுக்கள் ஒன்றிணைந்தன. அவர்களுக்கென முதன்முதலில் வானிலிருந்து இறக்கப்பட்டவை பழைய லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகள். பிரிட்டிஷ் மரபில் வந்த அத்துப்பாக்கி இந்தியத் துணைக்கண்டம் எங்கும் புழக்கத்தில் இருந்ததால், கைப்பற்றப்பட்டாலும் அமெரிக்காவைச் சுட்டாது என்பதே அதைத் தேர்ந்ததற்குக் காரணம். சீனரின் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு எதிரே, ஒரு முறை சுட்டதும் கையால் தாழ்ப்பாளை இழுத்துவிட வேண்டிய துப்பாக்கி. மறுக்கத்தக்க தன்மைக்கு எடையும் வேகமும் உண்டு என்பதையும், அதைச் சுமந்தவர் மறுக்க வேண்டியிருந்த அரசின் குடிமக்கள் அல்லர் என்பதையும் இதைவிடத் துல்லியமாகக் காட்டும் செய்தி அரிது.

சைபனில் பயின்ற அதர், லோட்சே இருவரும் 1959 மார்ச்சில் லாசாவை விட்டுத் தப்பிய தலாய் லாமாவின் குழுவை வழியில் சந்தித்து, அதன் நகர்வை வாஷிங்டனுக்கு வானொலியில் தெரிவித்து வந்தனர். இந்தப் போரின் தெளிவான பயன்களுள் இது ஒன்று. அதே காலத்தில் கொலராடோ மாநிலத்தில், கடல்மட்டத்துக்கு 2,800 மீட்டர் உயரத்தில் உள்ள கேம்ப் ஹேல் என்ற பழைய மலைப்படை முகாமில் இருநூறுக்கு மேற்பட்ட திபெத்தியர் அடுத்தடுத்துப் பயிற்சி பெற்றனர். அவர்கள் அதைத் தும்ரா, அதாவது தோட்டம், என்று அழைத்தனர். 1961 டிசம்பரில் பனிச்சாலையில் பேருந்து தடம் விலகியதால் அவர்களை ஏற்றிச் செல்லும் விமானம் விடிவதற்குள் கிளம்ப முடியவில்லை. அக்காலையில் விமான நிலையத்துக்கு வந்த உள்ளூர்ப் பணியாளர்கள் துப்பாக்கி முனையில் நிறுத்திவைக்கப்பட்டனர். விஷயம் நாளிதழ்வரை சென்றும், அரசின் வேண்டுகோளால் அச்சேறவில்லை. வானிலிருந்து திபெத்துக்குள் இறக்கப்பட்டவர்களின் கதியோ வேறு. மந்தைகளோடும் குடும்பங்களோடும் ஆயிரக்கணக்கில் திரண்டிருந்த கலகக்காரரைச் சீன விமானங்கள் எளிதில் கண்டன. இறக்கப்பட்டவர்களுள் உயிரோடு இந்தியா வந்து சேர்ந்தவர் மிகச் சிலரே.

1960 மே 1 அன்று சோவியத் வானில் அமெரிக்க யு-2 உளவு விமானம் வீழ்த்தப்பட்டது. ஐசன்ஹோவர் அரசு கம்யூனிஸ்டு நாடுகளின் வான்வெளிக்குள் பறப்பதை நிறுத்தியது. அதனோடு திபெத்துக்கான விமானங்களும் நின்றன. யுரால் மலையில் வெடித்த ஏவுகணை ஒன்று, அதைக் கேள்விப்பட்டே இராத மனிதரின் உணவை நிறுத்தியது என்பதே இதன் பொருள். அப்போதுதான் நேபாளத்தின் முஸ்தாங் பகுதியில் பாபா கென் யேஷியின் கீழ் புதிய தளம் தொடங்கி, கணக்கிட்டதைவிட மிகுதியாக ஆட்கள் வந்து சேர்ந்திருந்தனர். அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் தோலைக் கொதிக்க வைத்துத் தின்றனர். இந்தியாவில் தூதராக இருந்த பொருளியல் அறிஞர் ஜான் கென்னத் கால்பிரெய்த் கடுமையாக எதிர்த்தும், 1961-இல் கென்னடி அரசு உதவியை மீண்டும் அனுப்பியது.

அவ்வாண்டு அக்டோபரில் முஸ்தாங்கிலிருந்து எல்லை தாண்டிய சுமார் நாற்பது குதிரை வீரர்கள், ஷின்ஜியாங்-திபெத் நெடுஞ்சாலையில் ஒரு சீன இராணுவ வண்டியை மறித்துத் தாக்கினர். அதில் இருந்த அதிகாரியின் பையில் 1,600 பக்கங்களுக்கு மேற்பட்ட ஆவணங்கள் இருந்தன. குருதிக்கறையும் குண்டுத் துளையும் கொண்ட அப்பை அப்படியே அமெரிக்கா சென்றது. சீனப் படையின் உயர் அதிகாரிகளுக்கு மட்டும் சுற்றுக்கு விடப்பட்ட உள்முக இதழின் பல வெளியீடுகள் அதில் இருந்தன. மாவோவின் மாபெரும் பாய்ச்சல் கொணர்ந்த பஞ்சம், ஊரிலிருந்து வந்த செய்தியால் குலைந்த வீரர்களின் மனநிலை, மாஸ்கோவோடு மூண்ட பிணக்கு, படையின் கருவிப் பற்றாக்குறை ஆகியவற்றை அமெரிக்க ஆய்வாளர் முதன்முறையாகச் சீனரின் எழுத்திலேயே படித்தனர். அவ்விதழ்கள் 1963-இல் அறிஞர் பயன்பாட்டுக்கும் வெளியிடப்பட்டன. ஒரு சிறு தாக்குதலில் பெறப்பட்ட ஆவணங்களில் இவ்வளவு பயன் தந்தவை அரிது என்பதில் உளவு வரலாற்றாசிரியர் உடன்படுகின்றனர். எனினும் அப்பயன் முழுவதும் வாஷிங்டனுக்கே உரியது. அப்பையால் திபெத்தின் நிலத்தில் ஓர் அடிகூட மீளவில்லை. ஆயுதம் கொடுத்தவரும் ஏந்தியவரும் ஒரே எதிரியோடு இருவேறு போர்களை நடத்தினர்: ஒருவருக்கு வேண்டியது தகவலும் சீனத்துக்குத் தொல்லையும், மற்றவருக்கு வேண்டியது நாடு. 1964-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றின்படி, திபெத் தொடர்பான மொத்த ஆண்டுச் செலவு 17,35,000 டாலர். நேபாளத்தில் இருந்த 2,100 போராளிகளின் பங்கு அதில் 5 இலட்சம். ஒரு பெரும் நாட்டின் ஓர் எல்லையைப் பதற்றத்தில் வைத்திருப்பதற்கு இது மலிவான விலை. மலிவு என்பதே அத்திட்டம் நீடித்ததற்கும், பின்னர் எளிதாகக் கைவிடப்பட்டதற்கும் காரணம்.

நிக்சன் 1972 பிப்ரவரியில் பெய்ஜிங் சென்றதன் விளைவாகவே திபெத்தியர் கைவிடப்பட்டனர் என்று பரவலாகக் கூறப்படுகிறது. உதவியை நிறுத்தும் முடிவு 1969-லேயே எடுக்கப்பட்டுவிட்டது என்பது இன்று தெரிய வந்துள்ளது. துரோகத்தைவிட அலுப்பே முந்தியது. 1974-இல் சீனத்தின் வற்புறுத்தலுக்கு இணங்கி நேபாளப் படை முஸ்தாங்கைச் சூழ்ந்தபோது, ஆயுதங்களை ஒப்படைக்குமாறு தலாய் லாமாவின் குரல் பதிந்த ஒலிநாடா முகாம் முகாமாக ஒலிக்கப்பட்டது. பணிந்தவர்களிலும் சிலர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அப்போது தளத்தின் தலைவராக இருந்தவர் 1957-இல் சைபன் சென்ற அறுவருள் ஒருவரான கியாதோ வாங்து. பணிய மறுத்து இந்திய எல்லையை நோக்கிக் குதிரையில் விரைந்த அவர், டிங்கர் கணவாய் அருகே நேபாளப் படையின் குண்டுக்கு இரையானார். சீனரோடு போரிட அமெரிக்கர் பயிற்றுவித்த மனிதரைக் கொன்றது, இரண்டுமல்லாத மூன்றாம் நாடு.

இதற்கிடையில் இந்தியா தன் பங்குக்கு ஒரு படையை உருவாக்கியிருந்தது. 1962 எல்லைப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, நவம்பர் 14 அன்று, திபெத்திய அகதிகளைக் கொண்டு சிறப்பு எல்லைப்புறப் படை தொடங்கப்பட்டது. உளவுத்துறைத் தலைவர் பி.என். மல்லிக் இதில் முன்னின்றார். டேராடூன் அருகே உள்ள சக்ராதா அதன் இருப்பிடம். முதல் தலைவரான மேஜர் ஜெனரல் சுஜன் சிங் ஊபான் முன்பு 22-ஆம் மலைப் பீரங்கிப் பிரிவை நடத்தியவர் என்பதால், ‘எஸ்டாபிளிஷ்மென்ட் 22’ என்ற பெயர் அமைந்தது. வீரர்கள் சுருக்கமாக ‘டூ-டூ’ என்பர். தொடக்கத்தில் சி.ஐ.ஏ. பயிற்சிக்கும் கருவிகளுக்கும் உதவியது. அந்தக் கூட்டுறவின் விசித்திரமான கிளை ஒன்றையும் இங்கே சொல்லலாம்: 1964-இல் சீனம் அணுகுண்டைச் சோதித்த பின், லோப் நோர் ஏவுகணைச் சோதனைகளைக் கண்காணிக்க 1965-இல் நந்தா தேவி சிகரத்துக்கு ஏற்றிச் செல்லப்பட்ட புளூட்டோனிய மின்னாக்கி, பனிப்புயலால் வழியிலேயே விடப்பட்டு, அடுத்த ஆண்டு தேடியபோது காணாமற்போயிருந்தது. 1978-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொள்ளும்வரை கங்கைக் கரை மக்களுக்கு அது தெரியாது.

திபெத்துக்கென எழுப்பப்பட்ட அப்படை தன் முதல் பெரும் போரை வேறொரு நாட்டில் கண்டது. 1971 நவம்பரில், முறையான போர் தொடங்குவதற்கு முன்பே, சுமார் 3,000 திபெத்திய வீரர்கள் மிசோ மலைகளிலிருந்து கிழக்குப் பாகிஸ்தானின் சிட்டகாங் மலைப்பகுதிக்குள் புகுந்து, பாலங்களைத் தகர்த்து, பாகிஸ்தான் படை பர்மா பக்கம் விலகும் வழியை அடைத்தனர். இந்தியப் படையென்று அடையாளம் தெரியாதிருக்க அவர்களுக்குப் பல்கேரியத் தயாரிப்பு ஏ.கே. துப்பாக்கிகள் கொடுக்கப்பட்டன. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் முதல் காம்பாக்களை அமெரிக்க விமானத்தில் ஏற்றிவிட்டது இதே கிழக்குப் பாகிஸ்தான். கிஸ்ஸிங்கர் அவ்வாண்டு ஜூலையில் பெய்ஜிங்குக்கு இரகசியமாகப் பறந்தது பாகிஸ்தானிலிருந்தே. இப்போது அமெரிக்க உதவியோடு பயின்றவர்கள் சோவியத் அணியின் துப்பாக்கியோடு, அமெரிக்காவும் சீனமும் ஒருசேர ஆதரித்த நாட்டின் படையை எதிர்த்து நின்றனர். நிலம் மாறவில்லை, போரிட்டவரும் திபெத்தியரே. அணிகள் மட்டும் இடம் மாறியிருந்தன. ஐம்பதுக்கு மேற்பட்டோர் அங்கே மாண்டனர். இல்லாத படைக்குப் பதக்கம் வழங்க இயலாது என்பதால், பலருக்குப் பணமுடிப்பு மட்டுமே வழங்கப்பட்டது. ஊபான் 1985-இல் நூல் எழுதிய பின்னரே இச்செய்தி ஓரளவு பொதுவெளிக்கு வந்தது.

பனிப்போர் முடிந்தபின் இப்படைகளின் காலம் பெரிதும் தீவிரவாதிகளைத் தேடுவதில் கழிந்தது. 2018-இல் அமெரிக்கப் பாதுகாப்பு உத்தி வல்லரசுப் போட்டியே முதன்மை என்று அறிவித்தது. அவ்வாண்டு பிப்ரவரி 7 இரவு, சிரியாவின் டெய்ர் எஸ்ஸோர் அருகே கஷாமில், பழைய போட்டியின் முகம் மீண்டும் தெரிந்தது. எரிவாயு ஆலை ஒன்றின் பக்கத்தில் குர்து கூட்டாளிகளோடு சுமார் நாற்பது அமெரிக்கச் சிறப்புப் படையினர் இருந்த நிலையை நோக்கி, சிரிய அரசு ஆதரவுப் படையினர் ஏறத்தாழ 500 பேர் டாங்குகளோடு முன்னேறினர்; அவர்களுள் ரஷ்ய இராணுவ உளவுத்துறையின் சிறப்புப் படையில் முன்பு பணியாற்றிய திமித்ரி உத்கினின் தலைமையில் இயங்கிய, வாக்னர் என்ற ரஷ்யத் தனியார் படைக் குழுவினரும் இருந்தனர். மோதலைத் தவிர்ப்பதற்கென அமெரிக்க, ரஷ்யத் தளபதிகளுக்கிடையே தொலைபேசி இணைப்பு ஒன்று இருந்தது. அதில் அமெரிக்கர் கேட்டபோது, வருவோர் தம்மவர் அல்லர் என்று ரஷ்யத் தரப்பு கூறியது. அதன்பின் ஆளில்லா விமானங்கள், போர்விமானங்கள், ஹெலிகாப்டர்கள் என வந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் தாக்கின. அமெரிக்கருள் எவரும் இறக்கவில்லை. சொந்த நாட்டவர் ஐவர் இறந்திருக்கலாம் என்று முதலில் கூறிய மாஸ்கோ, பின்னர் பலர் காயமுற்றதை ஒப்புக்கொண்டது. பத்திரிகைகள் மதிப்பிட்ட எண்ணிக்கை இதைவிடப் பன்மடங்கு.

இந்நிகழ்ச்சியில் கவனிக்கத்தக்கது அந்தத் தொலைபேசி உரையாடலே. ‘எம்மவர்’ என்று சொல்லியிருந்தால் அமெரிக்கர் தயங்கியிருப்பர். ஆனால் தாக்குதலுக்கு மாஸ்கோ பொறுப்பேற்க வேண்டியிருக்கும். ‘எம்மவர் அல்லர்’ என்றதால் இரு அணு வல்லரசுகளுக்கிடையே போர் மூளாமல் தவிர்ந்தது. அதன் விலை களத்தில் நின்றவர் உயிர். மறுப்பு அமைதியைக் காத்தது என்று இதைப் பாராட்டுவோர் உண்டு. பாராட்டு நியாயமானதே, விலையைக் குறிப்பிட்டுப் பாராட்டும் வரையில். எதிர்ப்புறத்தில் தப்பிய குர்து கூட்டாளிகளையும் அடுத்த ஆண்டு அக்டோபரில் வேறொரு விலகல் தொட்டது: வட சிரிய எல்லையிலிருந்து அமெரிக்க வீரர் பின்வாங்கியதும் துருக்கிப் படை அவர்கள்மீது பாய்ந்தது.

மறுப்பையே ஆயுதமாக்கி முழு வெற்றி கண்டதற்கு ஒரே பெரிய எடுத்துக்காட்டு கிரீமியா. 2014 பிப்ரவரி 27 அன்று அடையாளச் சின்னமற்ற சீருடையில் ரஷ்யச் சிறப்புப் படையினர் சிம்ஃபெரோபோல் நாடாளுமன்றத்தைக் கைப்பற்றினர். மூன்று வாரங்களுக்குள் தீபகற்பம் இணைக்கப்பட்டது. ஏப்ரலில் புடின் தம் வீரரின் பங்கை ஒப்புக்கொண்டார். மறு ஆண்டிலிருந்து அந்நாளே சிறப்பு நடவடிக்கைப் படைகளின் தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் ரஷ்யக் கடற்படைத் தளமும் ஆயிரக்கணக்கான துருப்புகளும் ஏற்கெனவே அங்கே இருந்தன என்பதையும், மறுப்பு சில வாரங்களுக்கு மட்டுமே தேவைப்பட்டது என்பதையும் மறந்துவிட்டு அதை மாதிரியாகக் கொள்வது தவறு. பால்டிக் நாடுகள் இதிலிருந்து வேறொரு முடிவுக்கு வந்தன: நாடு பிடிபட்டால் எதிர்ப்பை யார் நடத்துவது, யாருடைய ஆணையின் கீழ், எந்தச் சட்டத்தின்படி என்பதை அமைதிக் காலத்திலேயே வெளிப்படையாக வகுத்துவைப்பது. அமெரிக்கச் சிறப்புப் படையினர் இதில் துணை நிற்கின்றனர். லித்தாங்கிலும் லோகாவிலும் இல்லாமற்போனது, தன் மக்களுக்குத் தானே பொறுப்பேற்கும் இத்தகைய ஓர் அரசே.

இந்தியாவின் திபெத்தியப் படையோ முழு மறுப்புக்கும் முழு ஒப்புதலுக்கும் இடையில் நிற்கிறது. 2020 ஆகஸ்ட் 29-30 இரவில், பாங்காங் ஏரியின் தென்கரையில் உள்ள குன்றுகளை இந்தியப் படை சீனரை முந்திக் கைக்கொண்டபோது, சிறப்பு எல்லைப்புறப் படையும் அதில் பங்கேற்றது. ஆகஸ்ட் 31-இல் தரைப்படை வெளியிட்ட அறிக்கையில் அதன் பெயர் இல்லை. அந்நாட்களில் பழைய கண்ணிவெடி ஒன்று வெடித்து இறந்த திபெத்திய அதிகாரி ஒருவரின் உடல், செப்டம்பர் 7 அன்று இந்தியக் கொடியும் திபெத்தியக் கொடியும் போர்த்தப்பட்டு லே நகரில் ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட்டது. ஆளும் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மாதவ் நேரில் அஞ்சலி செலுத்தி, அதைச் சமூக ஊடகத்தில் பதிவிட்டார். சற்றுப் பின்னர் அப்பதிவு நீக்கப்பட்டது. பதிவிட்டதும் நீக்கியதும் பெய்ஜிங்குக்கு உரிய செய்தியாகவே அமைந்தன: இப்படை இருக்கிறது என்பது முதற்பாதி, அதைப் பற்றி இப்போது பேச வேண்டியதில்லை என்பது மறுபாதி. அக்குன்றுகள் பேரத்தில் இந்தியாவின் கையை வலுப்படுத்தின என்று இராணுவத் தலைமையே பின்னர் கூறியது. 2021 பிப்ரவரி 10 அன்று தொடங்கிய படைவிலகலில், ஏரியின் வடகரையிலிருந்து சீனர் பின்வாங்க, அதற்கு ஈடாகத் தென்கரைக் குன்றுகளிலிருந்து இந்தியப் படை இறங்கியது. அடுத்த நாள் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் விளக்கிய அவ்வுடன்பாடு ஏரிக்கரைகளையும் படைநிலைகளையும் பற்றியது. திபெத்தைப் பற்றி அதில் ஒரு வாசகமும் இல்லை.